சுகர் இல்லாத குச்சி ஐஸ்

"நாய்தானே அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன். முதல் இரண்டு வாரம் எழுந்து போகவில்லை, சண்டை போட்டேன். டீக்கடையில் ஒருவரிடம், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வீட்டுக்கு வந்த இன்னொருவரிடம், கடைசியில் என் சொந்தத் தம்பியிடம். "நாய்தான, வேற ஒண்ணு எடுத்து வளத்துக்கிட வேண்டியதுதான" என்றான் தம்பி. உன் பைக் காணாமல் போனாலும் இப்படித்தான் சொல்வாயா என்று கேட்டேன். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு என்றான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

என் கோபம் ஊருக்கே தெரிந்த கோபம். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "பிளேட்டைப் படிச்சீரா வே?" என்பதுதான். மோட்டாரின் முதுகில் சின்னதாக ஒரு தகடு அடித்திருப்பார்கள். எத்தனை வோல்ட்டில் ஓட வேண்டும், எத்தனை ஆம்பியர் இழுக்கும், எல்லாம் அதில் இருக்கும். ஒருத்தரும் படிப்பதில்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் கிணற்று மோட்டாரை எரித்துக்கொண்டு வந்து, "திடீர்னு பொகஞ்சிட்டு அண்ணாச்சி" என்பார்கள். "திடீர்னு எதுவும் பொகையாது வே. எழுதிப் போட்டிருக்கான், நீரு படிக்கல" என்று கத்துவேன். முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எனக்குச் சுகர் வந்து ஆறு வருஷமாகிறது. எங்கள் பக்கம் சுகர் என்றால் நோய். கடையில் வாங்குவது சீனி. "அவருக்குச் சுகர்" என்றால் கெட்ட செய்தி, "சுகர் கொறஞ்சிருக்கு" என்றால் நல்ல செய்தி. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் ஒருமுறை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலை பார்த்ததில், சுகர் குறைந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவன் நான். கை நடுங்கி, சட்டை நனைகிற மாதிரி வேர்த்து, கால் இரண்டும் என்னுடையது இல்லை என்று ஆகி, மயக்கமும் வந்துவிட்டது. டாக்டர் திட்டிவிட்டு, இனிமேல் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து என் பையில் ஸ்பேனர் இல்லாத நாள் உண்டு, ஆரஞ்சு மிட்டாய் இல்லாத நாள் கிடையாது.

இந்த நோய் அல்வாவைப் பிடுங்கியது, லட்டைப் பிடுங்கியது. போகட்டும் என்று விட்டேன். குச்சி ஐஸை மட்டும் விட முடியவில்லை. தகரக் கூரைக்கு அடியில், வார்னிஷ் வாடையில், மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஐஸ் வண்டியின் ஹாரன் சத்தம் என்ன செய்யும் என்று தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று சேமியா ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறேன். வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நிறுத்துவாள். "நாக்கை நீட்டுங்க" என்பாள். நீட்டினால் ஆரஞ்சுக் கலர் காட்டிக்கொடுத்துவிடும்.

"இதுல என்ன சத்து இருக்குன்னு இந்தப் பறப்பு பறக்கீங்க? தண்ணி, சீனி, சாயம். அந்தத் தண்ணியும் எங்கன பிடிச்ச தண்ணின்னு தெரியாது. கரஞ்சு கரஞ்சு எத்தன தடவ திரும்ப ஒறஞ்சிச்சோ, அந்த வண்டிக்காரனுக்கே தெரியாது" என்பாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

இந்தப் பொங்கலுக்கு என் மச்சினன், அவள் தம்பி, துபாயிலிருந்து லீவில் வந்தான். எனக்கென்று ஒரு வெள்ளைப் பொடி கொண்டுவந்திருந்தான். பார்க்கச் சீனி மாதிரியே இருக்கும். நாக்கில் வைத்தால் இனிப்போடு சேர்ந்து தானாகவே ஒரு குளிர்ச்சி வரும்.

"சுகர் ஃப்ரீ அத்தான். நேச்சுரல். மரத்துலேருந்து எடுக்கான். நீங்க எவ்வளவு வேணும்னாலும் ஐஸ் செஞ்சு திங்கலாம்" என்றான்.

சாயத்தையும் சாக்கடைத் தண்ணீரையும் தின்பதற்கு இது மேல் என்று மனைவி ஒத்துக்கொண்டாள். ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் எப்போதோ வாங்கி, பரணில் கிடந்த ஐஸ் அச்சைத் தேடி எடுத்தாள். ஆறு குழி, ஆறு குச்சி. எலுமிச்சை ஒருநாள், நன்னாரி ஒருநாள். நுங்கு வந்ததும் நுங்கு. கொதித்து ஆறின தண்ணீர்தான் ஊற்றுவாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான் தருவாள். இரண்டு தின்றால் வயிறு போகும் என்று அவள் சொன்னதை நம்பாமல், ஒருநாள் மூன்று தின்று நம்பினேன்.

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வந்த கவரில் இருக்காது. வந்த அன்றே கத்தரிக்கோலால் வெட்டி டப்பாவில் கொட்டிவிடுவாள். எறும்பு வராது, ஈரம் பிடிக்காது, அடுப்படி பார்க்க ஒழுங்காக இருக்கும். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இந்தப் பொடியும் ஒரு பழைய காப்பித்தூள் பாட்டிலுக்குப் போனது. சீனியோடு மாறிவிடக் கூடாது என்று காகிதத்தில் "அவுகளுக்கு" என்று எழுதி ஒட்டினாள். அவுக என்றால் நான். பொடி வந்த வெளிநாட்டுக் கவர் தடிமனாக, ஜிப் வைத்து, நன்றாக இருந்ததால் அதைத் தூர எறிய மனசில்லாமல் மிளகாய் வத்தல் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

இனி நாய்.

நாலு வருஷத்துக்கு முன்னால், என் கடைக்கு எதிரே நின்ற லாரிக்கு அடியில் நனைந்துபோய்க் கிடந்தது. செவலை நிறம், பெட்டைக் குட்டி. வளர்ந்ததும் உயரமாக, ஒடுங்கின வயிறோடு நிற்பதைப் பார்த்து ஆட்கள் கேட்பார்கள், "ராஜபாளையமா அண்ணாச்சி?" நான், "ராஜபாளையம் ரோடு" என்பேன். பெயர் ஒன்றும் வைக்கவில்லை. "ஏட்டி" என்று கூப்பிடுவேன். மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவேன். "ஏட்டி" என்றால் இரண்டு பேரும் திரும்புவார்கள், முதலில் திரும்புவது நாய். "ஒருநாளாவது என்னைய வேற மாதிரி கூப்பிடுங்களேன்" என்று மனைவிக்குக் குறை.

கடையில் ஆனாலும் வீட்டில் ஆனாலும், நான் ஐஸ் தின்னும்போது அது எதிரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். குரைக்காது, காலைப் பிறாண்டாது. ஐஸ் மேலே போனால் மேலே பார்க்கும், கீழே வந்தால் கீழே பார்க்கும். ஒரு சொட்டுக்கூட நாங்கள் கொடுத்ததில்லை. நாய்க்கு இனிப்புக் கொடுத்தால் சொறி பிடிக்கும், முடி கொட்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தரையில் சிந்தினால்கூட மனைவி ஓடிவந்து துடைத்துவிடுவாள். சீனி ஆகாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

வைகாசி மாசம் ஒருநாள், மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். கரண்ட் இல்லாமல் என் கடையில் வேலை இல்லை, வீட்டிலேயே இருந்தேன். மனைவி ராயகிரியில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினாள். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "பிரிட்ஜைத் தெறக்காதீங்க, கூலிங் போயிரும். ஐஸ் கரஞ்சிட்டுன்னா கொட்டிருங்க. சாயங்காலம் திரும்ப ஒறஞ்சதைத் திங்காதீங்க."

மூன்று தடவை திறந்தேன். இரண்டு மணிக்குப் பார்த்தால் ஐஸ் கூழாகிக் கிடந்தது. ஆறில் ஒன்றை நான் உறிஞ்சினேன். ஒன்று கொஞ்சம் கெட்டியாக இருந்தது, அதைச் சாயங்காலத்துக்கு என்று உள்ளேயே வைத்தேன். மீதி நாலையும் கொட்டுவதற்காகக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். நாய் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தது.

இதில் சீனி இல்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீனி இல்லையென்றால் சொறி எப்படி வரும்? நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்த ஜீவன், இன்றைக்காவது தின்னட்டும். பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டவன் மாதிரி அதன் தட்டில் நாலையும் வழித்து ஊற்றினேன். தட்டு முற்றம் முழுக்க இழுபட்டு ஓட ஓட நக்கியது. நான் சிரித்துக்கொண்டே போனில் வீடியோ எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். "சூப்பர் அத்தான், ஏட்டிக்கும் சுகரா?" என்று பதில் போட்டான். அந்த வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அரைமணி நேரம்கூட இருக்காது, வாந்தி எடுத்தது. எழுந்து நடக்கப் பார்த்து, பின்கால் இரண்டும் பக்கவாட்டில் போய், சுவரில் சாய்ந்தது. உடம்பு நடுங்கியது. வெயில் தாக்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். சாக்கை நனைத்து மேலே போர்த்தினேன். தலையில் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம், இதை எழுதுகிற கையை உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, உள்ளே மிச்சம் வைத்திருந்த அந்த ஒரு ஐஸையும் எடுத்துவந்து, சூடு தணியட்டும் என்று, கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாயில் வைத்தேன். கண் சொருகிக்கொண்டிருந்தும் அது நக்கியது. நான் கொடுத்ததால் நக்கியது.

எதிர்வீட்டு அம்மா சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். "மயங்குதுல்லா, கொஞ்சம் சீனித்தண்ணி குடுத்துப் பாருங்க அண்ணாச்சி" என்றார்கள்.

"நாய்க்குச் சீனி ஆகாதுன்னு தெரியாதா? சும்மா இருங்கம்மா!" என்று கத்தினேன்.

நடுக்கம், கால் தள்ளாட்டம், மயக்கம். எனக்கு வந்த அதே மூன்றும் என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் இரண்டு ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவியிருந்தால், ஆஸ்பத்திரி போகும்வரைக்கும் ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா பிறகு சொன்னார். சுகர் இல்லாத பண்டத்தைத் தின்ற நாய்க்குச் சுகர் பிரச்சினை வரும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

லோடு ஆட்டோவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதி இருக்கும். காதில் ஊசியால் குத்தி, நான் வீட்டில் வைத்திருக்கிற அதே மாதிரி மீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"சுகர் ரொம்பக் கொறஞ்சிருக்கு அண்ணாச்சி."

பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "கொறஞ்சிருக்கா? அப்பம் நல்லதுதான" என்றார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த ஒரு நொடியில் எனக்கும் "அப்பாடா" என்றுதான் இருந்தது.

டாக்டரம்மா ஊசியைத் தேடிக்கொண்டே கேட்டார். "என்ன தின்னுச்சு?"

"ஐஸ்தான் டாக்டர். ஆனா சீனி ஒரு துளி கெடயாது. சுகர் ஃப்ரீ, நேச்சுரல் பொடி, மரத்துலேருந்து எடுக்கது" என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவேதான் சொன்னேன்.

அவர் தேடுவதை விட்டு என் பக்கம் திரும்பினார். "கவர் எங்க? உடனே பாத்துச் சொல்லுங்க. சைலிட்டால்னு போட்டிருக்கா?"

மனைவிக்குப் போன் போட்டேன். "அந்தக் கவரா? அதுல வத்தல்லா போட்டு வச்சிருக்கேன்" என்றாள். டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்ததும் வீட்டுக்கு ஓடினேன். அலமாரியிலிருந்து கவரை இழுத்து, வத்தலை அடுப்படித் தரையில் கொட்டி, நெடி ஏறிக் கண்ணெரிய, கவரைத் திருப்பினேன். சைலிட்டால் என்றே இங்கிலீஷில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, கட்டம் கட்டி, நாய்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி.

எழுத்து சின்னதாக இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். மோட்டார் பிளேட்டில் இருக்கிற எழுத்து அதைவிடச் சின்னது. அழுக்கும் கிரீஸும் அப்பிக் கிடக்கும், துணியால் துடைத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் படிப்பேன். இந்தக் கவர் நாலு மாசமாக என் கண்ணுக்கு நேராக அலமாரியில் இருந்திருக்கிறது. தினமும் அதற்கு முன்னால் நின்றுதான் சுகர் மாத்திரை போட்டிருக்கிறேன்.

திரும்பிப் போனபோது டாக்டரம்மா விளக்கினார். கோபப்படாமல் சொன்னார், கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நம்ம ஒடம்பு இதைக் கண்டுக்கிடாது அண்ணாச்சி. நாய் ஒடம்பு இதை நெசச் சீனின்னு நம்பி ஏமாந்துரும். இன்சுலினை அள்ளிக் கொட்டும். ரத்தத்துல இருக்க சுகர் அம்புட்டும் காலியாயிரும். அதைச் சரி பண்ணிரலாம். ஈரலைத் தொட்டுட்டுன்னாதான் பயம். ரெண்டு மூணு நாள் பாக்கணும்."

சாயங்காலம் அது தலையைத் தூக்கியது. வாலை ஒருமுறை தரையில் தட்டியது. மனைவி வளைகாப்புப் பட்டுச்சேலையோடு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பிழைத்துவிட்டது என்றே நினைத்தோம். மறுநாள் மருந்து ஏற்றிக் கூட்டிவந்தபோது இரண்டு வாய் தயிர்ச்சோறு தின்றது. மூன்றாம் நாள் காலையில் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ஈறும் மஞ்சள். டாக்டரம்மா தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார். பன்னிரண்டு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. திருவேங்கடம் ரோட்டில் தெரிந்தவர் ஒருவருடைய கரிசல் காட்டில், அவரிடம் கேட்டு, நானே குழி தோண்டினேன்.

அன்றைக்கே மச்சினனுக்குப் போன் போட்டேன். "கொண்டுவாரவன் படிச்சுப் பாத்து கொண்டுவர மாட்டியாலே? நேச்சுரல் நேச்சுரல்னு எத்தன தடவ சொன்ன?"

அவன் சொன்னான், "அத்தான், நான் ஒங்களுக்குத்தான குடுத்தேன். ஏட்டிக்கா குடுத்தேன்?"

போனை அணைத்து மேசைமேல் எறிந்தேன்.

அடுத்தது மனைவி. கவரில் இருந்ததைக் கவரிலேயே வைத்திருந்தால் இப்படி நடந்திருக்குமா, எதையும் டப்பாவில் கொட்டாமல் இருக்க மாட்டியா என்று அடுப்படியில் நின்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. "ஆமா, நான்தான் கொட்டுனேன்" என்றாள். "ஆனா பாட்டில்ல அவுகளுக்குன்னு எழுதித்தான வச்சேன்" என்றாள். கவரை விடுங்கள், என் வீட்டுப் பாட்டிலில், என் மனைவியின் கையெழுத்தில், தமிழில், ஒரே வார்த்தையில் எழுதியிருந்ததைக்கூட நான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்கிறாள். எந்தச் சாமான் வந்தாலும் கவரின் பின்பக்கத்தைக் கத்தரித்து, டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிடுகிறாள். உப்புக்குக்கூட மாட்டியிருக்கிறாள். அடுப்படி இப்போது பார்க்க ஒழுங்காக இல்லை. நான் தினமும் ஒன்றை எடுத்துப் படிக்கிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன வாரம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருவர் மோட்டாரை இறக்கினார். காயில் கருகி, வாடை தெருவரைக்கும் வந்தது. "திடீர்னு பொகஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார். வாய் தானாகத் திறந்தது. "பிளேட்டை" என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். அவர் என் வசவுக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார். "வச்சிட்டுப் போங்க, பாக்கேன்" என்றேன். மனுஷன் பயந்துபோய், ஒடம்புக்கு ஏதும் முடியலையா அண்ணாச்சி என்று கேட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. பிரிட்ஜில் எலுமிச்சை ஐஸ் இருந்தது, எந்தப் பொடியும் போடாமல், உப்பு மட்டும் போட்டு மனைவி செய்தது. ஒன்றை உருவிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். நாலு வருஷப் பழக்கம், வாய் கேட்கவில்லை. "ஏட்டி" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்து நின்றாள். "என்ன?"

என் கண் நாய் வந்து உட்காரும் இடத்திலேயே இருந்தது.

"என்னையவா கூப்பிட்டீங்க?"

"ஆமா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், ஐஸைப் பார்த்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்த வெறும் தரையைப் பார்த்தாள். பொய் என்று தெரிந்தும் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐஸ் உருகிச் சொட்டியது. சிந்தினால் எப்போதும் ஓடிவந்து துடைக்கிறவள், அன்றைக்கு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தரை அது பாட்டுக்கு நனைந்துகொண்டிருந்தது.